ஏற்றம் வற்றம் பார்த்து ஓட்டும் வேன்

படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர்வேனில் இருவராக ஆளரவமில்லாத கடலோரங்களுக்குப் போகிறவர்கள் வரைபடத்துக்கும் முன்பே கையில் வைத்திருக்க வேண்டியது அந்தக் கரைக்கான ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறும் (ஏற்றம்), இறங்கும் (வற்றம்) நேரங்களின் பட்டியல். மணல் எப்போது இறுகிக் கிடக்கும், எங்கே படுத்தால் விடியும்போது சக்கரம் நனையாமல் இருக்கும், கரைப்பறவைகள் எந்த நேரத்தில் பக்கத்தில் வந்து அமரும் என்ற மூன்றையும் ஏற்றமும் வற்றமும்தான் தீர்மானிக்கின்றன. வண்டியின் மற்ற ஏற்பாடுகளெல்லாம் இந்த நேரத்துக்கு ஒத்துப்போக வேண்டியவை.

பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். இன்று காலை 9 மணிக்கு வற்றம் என்றால் நாளை ஏறத்தாழ 9.50-க்கு. ஒரே கரையில் ஒரு வாரம் தங்கினால், முதல் நாள் வண்டி ஓட்டிய அதே மணியில் ஏழாம் நாள் தண்ணீர் நிற்கும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்றம் மிக உயரும், வற்றமும் வெகுதூரம் உள்வாங்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். இடத்துக்கு இடமும் மாறும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும். மத்தியதரைக் கடலின் பல கரைகளில் சில பத்து சென்டிமீட்டர்தான். மெக்சிகோ வளைகுடாவின் சில பகுதிகளில் நாளுக்கு ஒரே ஏற்றம். ஆகவே ஒரு கடலில் பழகிய கண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு கடலை அளக்கக் கூடாது.

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மாலுமிகள் பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வற்றத்திலிருந்து ஏற்றம் வரையுள்ள ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் மொத்த உயரத்தில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1 பங்கு ஏறும். மொத்தம் 3 மீட்டர் ஏறும் கரையென்றால் முதல் மணியில் 25 சென்டிமீட்டர்தான். மூன்றாவது மணியில் 75 சென்டிமீட்டர். தட்டையான கரையில் 75 சென்டிமீட்டர் உயரம் என்பது நூறு மீட்டருக்கும் மேல் நிலத்தை விழுங்கிவிடும். முதல் மணி நேரத்தைப் பார்த்து "மெல்லத்தான் ஏறுகிறது" என்று இருந்துவிடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது மூன்றாவது மணியில்தான்.

அட்டவணையில் உள்ள எண் வானிலை சாதாரணமாக இருக்கும் நாளுக்கானது. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும். தாழ்வுநிலை ஒன்று நெருங்கி அழுத்தம் 1013-லிருந்து 985-க்கு வந்தால் 28 சென்டிமீட்டர் கூடுதல். அதோடு கடலிலிருந்து கரைநோக்கிக் காற்று வீசினால் இன்னும் உயரும். வற்றமும் சொன்ன அளவுக்கு உள்வாங்காது. மற்றொரு பிழை நேரத்தில் வரும். அட்டவணை அருகிலுள்ள பெரிய துறைமுகத்துக்குப் போட்டதாக இருக்கலாம். நீங்கள் நிற்கும் கரைக்குச் சில நிமிடமோ ஒரு மணியோ கூட்டிக் கழிக்க வேண்டியிருக்கும். கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் நாடுகளில், அட்டவணை அதைச் சேர்த்துக்கொண்டதா என்று முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையில் ஓட்ட அனுமதி உள்ள இடத்தில் வற்றத்துக்கு முன் இரண்டு மணி, பின் இரண்டு மணி என்பது நம்பகமான அளவு. ஆஸ்திரேலியாவின் ககாரி (K'gari, முன்பு ஃபிரேசர்) தீவில் கடற்கரையே நெடுஞ்சாலை. அங்கே ஏற்றத்துக்கு இருபுறமும் இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. இந்த நேரத்துக்குள் திரும்பி வருவதும் அடங்க வேண்டும். போகும் வழியில் ஓடை கடலில் கலக்கும் இடம் ஒன்று இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு. வற்றத்தில் கணுக்கால் அளவு இருக்கும் ஓடை, ஏற்றத்தில் கடல்நீர் எதிர்த்துத் தள்ளும்போது இடுப்பளவு ஆகிவிடும். இறங்கி நடந்து பார்க்காத எந்த ஓடைக்குள்ளும் சக்கரத்தை விடக் கூடாது. நடக்கும்போது கால் புதைந்தால் வண்டி நிச்சயம் புதையும்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் எங்கள் கருத்து உறுதியானது: இரு சக்கர இயக்கம் உள்ள சாதாரண கேம்பர்வேனை மணலில் இறக்காதீர்கள். மூன்று, மூன்றரை டன் எடை, தாழ்ந்த அடிப்பகுதி, பின்னால் நீண்டு தொங்கும் உடல். முன்சக்கர இயக்க வேனில் தண்ணீர்த் தொட்டியும் படுக்கையும் பின்னால் இருப்பதால் ஓட்டும் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து அது சும்மா சுழலும். அத்தகைய வேனைக் கெட்டியான தரையில் நிறுத்திவிட்டு நடப்பதே சரி. நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் சட்டம் வேறு கேள்வி. தென்னாப்பிரிக்கா 2001 இறுதியில் கொண்டுவந்த விதியால் பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டுவதைப் பொதுவாகத் தடை செய்தது. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் உலாவும் உரிமை நடை, சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாத பயணத்துக்குத்தான், மோட்டார் வண்டிக்கு இல்லை. கூடாரத்துக்கு அனுமதி என்றால் வேனுக்கும் அனுமதி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

மணலில் ஓட்டும் வண்டிக்கு முதல் வேலை டயர் காற்றைக் குறைப்பது. காற்று குறையும்போது டயரின் தடம் அகலத்தில் அதிகம் கூடுவதில்லை, நீளத்தில்தான் கூடுகிறது. அதே எடை அதிகப் பரப்பில் பரவுவதால் சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலே மிதக்கிறது. சாலையில் 50 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் கனமான நான்கு சக்கர இயக்க வேனுக்கு 30-இல் தொடங்கலாம். திணறினால் 25, அதற்கும் மேல் திணறினால் 20. 15-க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. மணலில் இறங்கும் முன்பே குறைக்க வேண்டும். புதைந்த பிறகு குறைப்பது பாதிப் பலன்தான். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் மடங்கி நிமிர்ந்து சூடாகிறது. எனவே வேகம் 40 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும், திருப்பத்தில் இன்னும் குறையட்டும். தார்ச்சாலையில் ஏறியதும் முதல் காரியம் மீண்டும் காற்றடிப்பது.

காற்றடிக்கும் 12 வோல்ட் கம்ப்ரசரில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய டயருக்குப் போதுமான கம்ப்ரசர் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் பியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர். அதில் செருகினால் இரண்டாவது டயரிலேயே பியூஸ் போய்விடும். கிளிப் போட்டு நேராக பேட்டரியில் மாட்டும் வகையை வாங்குங்கள், இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே அடியுங்கள். அழுத்தமானியைத் தனியாக ஒன்று வைத்திருப்பது நல்லது. கம்ப்ரசரில் ஒட்டியுள்ள மானி காற்று ஓடும்போது கூடுதலாகக் காட்டும்.

புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சக்கரம் மூன்று முறை சும்மா சுழன்றாலே அச்சு மணலில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு வண்டியின் எடையைத் தாங்குவது சக்கரம் அல்ல, அடிவயிறு. உடனே நிறுத்தி, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்கப் பாருங்கள், ஏனென்றால் அந்த மணல் ஏற்கெனவே அழுந்தியிருக்கிறது. நகராவிட்டால் மண்வெட்டி. முதலில் அடிவயிற்றில் முட்டும் மணலை வாருங்கள், பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னே சரிவாக வழி வெட்டுங்கள், அதன் பிறகுதான் மணல்பலகை. பலகையை டயருக்கடியில் நன்றாக முட்டித் திணித்து, இரண்டாம் கியரில் அல்லது ஆட்டோமேட்டிக் என்றால் மிக மெதுவாக எடுங்கள். சக்கரம் பலகையின் மேல் சுழன்றால் அதன் பற்கள் உருகி வழுக்கைப் பலகையாகிவிடும். ஜாக் வைக்க 30 சென்டிமீட்டர் சதுரமும் 2 சென்டிமீட்டர் கனமும் உள்ள பிளைவுட் துண்டு ஒன்று வேண்டும். இல்லையேல் வண்டி எழாது, ஜாக்தான் உள்ளே போகும். மற்றொரு வண்டி வந்து இழுக்கும்போது கயிற்றை டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டவே கூடாது. அது அறுந்தால் பீரங்கிக் குண்டு போலப் பாயும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இழுப்பதற்கென்றே உள்ள கொக்கியில்தான் கட்ட வேண்டும், மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்க வேண்டும்.

இருவர் இருப்பதன் பெரிய பலன் பின்னால் எடுக்கும்போது தெரியும். கீழே நிற்பவர் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். கண்ணாடியில் ஆள் மறைந்தால் அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். இது மாறாத விதி. கடலோரக் காற்றில் குரல் கேட்காது. "வா", "நில்", "இடம்", "வலம்" நான்குக்கும் கைச்சைகை முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். கீழே நிற்பவர் பின்பக்கத் தரையை மட்டும் பார்த்தால் போதாது. மேலே கிளை, கூரையில் உள்ள காற்றுத் திறப்பு, சோலார் பேனல் மூன்றையும் பார்க்க வேண்டும்.

இரவு தங்கும் இடத்தைப் பகலிலேயே தேர்ந்தெடுங்கள். கரையில் பாசியும் சிப்பியும் சுள்ளியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோடு, கடைசி ஏற்றம் எதுவரை வந்தது என்பதைச் சொல்லும். பல கோடுகள் இருந்தால் மிக மேலே உள்ளதுதான் கணக்கு. அதற்கும் மேலே, புல் முளைத்த மணல்மேட்டின் மீது ஏறாமல், கெட்டியான தரை வேண்டும். மணல்மேட்டுப் புல்லின் வேர்தான் அந்த மேட்டைப் பிடித்து நிறுத்துகிறது. ஒருமுறை சக்கரம் ஏறி வேர் அறுந்த இடத்தில் காற்று குழி பறிக்கத் தொடங்கும், குழி ஆண்டுக்காண்டு அகலும். குன்றின் அடியில் நிற்காதீர்கள், கல் உருளும். குன்றின் விளிம்பிலும் வேண்டாம், மழைக்குப் பின் விளிம்பு சரியும். வறண்ட ஆற்றுமுகத்தில் மழை நாற்பது கிலோமீட்டர் உள்ளே பெய்தாலும் வெள்ளம் வரும்.

வேனின் மூக்கு காற்றை எதிர்நோக்கி நிற்கட்டும். பக்கவாட்டில் நின்றால் உயரமான வேன் இரவெல்லாம் ஆடும், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று கதவைப் பிடுங்கி கீலை வளைக்கும். கடலோரத்தில் பகலில் கடலிலிருந்தும் இரவில் நிலத்திலிருந்தும் காற்று வீசுவது வழக்கம் என்பதால் மாலையில் நிறுத்திய திசை நள்ளிரவில் பொருந்தாமல் போகலாம். வானிலை அறிக்கையில் அதிகாலைக் காற்றுத் திசையைப் பார்த்து நிறுத்துங்கள். தூக்கி விரியும் கூரை இருந்தால் பலத்த காற்றில் இறக்கிவிடுவதே நல்லது. வெளியே விரிக்கும் பந்தலைத் தூங்கும் முன் சுருட்டிவிடுங்கள்.

கதவை அடைத்ததும் பிரச்சினை ஈரம். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி வெளிவரும். இருவர் மூச்சு, ஈரத்துணி, சமையல் எல்லாம் சேர்ந்து விடியும்போது கண்ணாடியில் வடியும், மெத்தைக்கடியில் பூஞ்சை பிடிக்கும். குளிரென்று எல்லாவற்றையும் அடைப்பதால்தான் இது கூடுகிறது. கூரைத் திறப்பை இரண்டு விரல் அளவும், காற்று மறைந்த பக்கத்து ஜன்னலைக் கொஞ்சமும் இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். மெத்தைக்கடியில் சட்டம் போட்டுக் காற்று ஓட வழி செய்யுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் அறையின் தரையிலேயே வெளித்திறப்பு இருக்க வேண்டும். மணலோ இலையோ அதை அடைத்திருக்கிறதா என்று நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் பாருங்கள். இணைப்புகளைச் சோப்பு நுரை தடவிச் சோதியுங்கள். குளிர்ப் பிரதேசத்துக்குப் போனால் புரோப்பேன் வேண்டும். பியூட்டேன் 0 டிகிரிக்கு அருகிலேயே வாயுவாக மாற மறுத்துவிடும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கை உயரத்தில் மாட்டுங்கள். அடுப்பை ஒருபோதும் ஹீட்டராகப் பயன்படுத்தாதீர்கள்.

மின்சாரக் கணக்கு இருவருக்கு இப்படி இருக்கும். கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 அல்லது 5 ஆம்பியர், வெப்பத்தைப் பொறுத்து நாளுக்கு 25 முதல் 45 ஆம்பியர் மணி. விளக்கு, தண்ணீர் பம்ப், இரண்டு கைபேசி, ஒரு மடிக்கணினி எல்லாம் சேர்ந்து இன்னொரு 20. ஆக நாளுக்கு 60 என்று வையுங்கள். 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் 80-க்கு மேல் எடுக்கலாம். ஈய பேட்டரியில் 50-க்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும். 200 வாட் சோலார் பேனல், நல்ல வெயில் 4 மணி நேரம், இழப்பு கால்பங்கு என்றால் 600 வாட் மணி, அதாவது ஏறத்தாழ 47 ஆம்பியர் மணி. நாளுக்கு 13 குறைகிறது. அதை இன்ஜின் ஓடும்போது 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் அரை மணியில் ஈடுகட்டும். புது வேன்களில் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சம் பிடிக்கத் தன் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்வதால் பழைய ரிலே முறையில் பேட்டரி நிறையாது. டிசி-டிசி சார்ஜர் தேவைப்படுவது அதனால்தான். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பேனலில் உப்புப் படலம் படிந்தால் விளைச்சல் குறையும். நன்னீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும், உலர்ந்த துணி கண்ணாடியைக் கீறும்.

"பேட்டரி நிறைந்திருக்கிறது, ஆனால் ஃபிரிட்ஜ் நின்றுபோகிறது" என்றால் பெரும்பாலும் குற்றவாளி கம்பிதான். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால் 0.87 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டரில் 0.15-தான். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம் இழுப்பதால் ஃபிரிட்ஜின் பாதுகாப்புச் சுற்று மின்னழுத்தம் குறைந்துவிட்டதென்று எண்ணி அணைத்துவிடுகிறது. புது பேட்டரி வாங்கும் முன் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி என்பது வேனில் இன்னொரு பெரிய ஆளை ஏற்றுவதைவிட அதிகம். சிக்கனமாக இருந்தால் குடிக்க, சமைக்க, கழுவ ஒருவருக்கு நாளுக்கு 10 லிட்டரில் சமாளிக்கலாம். 100 லிட்டர் இருவருக்கு ஐந்து நாள். எல்லாம் ஏற்றிய பிறகு எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மீறியிருப்பது சாதாரணம். தொட்டியைக் கிருமிநீக்க, வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச்சில் லிட்டருக்கு 1 மில்லி ஊற்றி, எல்லாக் குழாயிலும் பிளீச் வாடை வரும்வரை திறந்து, 4 மணி நேரம் விட்டு, இருமுறை அலசுங்கள். பிளீச்சோடு வினிகரைச் சேர்த்தால் நச்சு வாயு வரும். கடலோரக் கிணற்று நீர் உவர்த்தால் கொதிக்கவைப்பதால் உப்பு போகாது, கரி வடிகட்டியிலும் போகாது. ஆகவே நிரப்பும் முன் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள்; 100 லிட்டர் நிரப்பிய பிறகு தெரிந்து பயனில்லை. பாத்திரம் கழுவிய நீரை மணல்மேட்டில் ஊற்றாதீர்கள், அந்த வாடைக்கு நரியும் எலியும் வரும். கழிவறைக் கேசட் (கழற்றி எடுக்கும் கழிவுத்தொட்டி) இருவருக்கு இரண்டு மூன்று நாள்தான் தாங்கும்; அதை எங்கே கொட்டலாம் என்பதைப் பார்த்துத்தான் பாதையே போட வேண்டும்.

கடலோரப் பயணத்தில் வண்டியை மெதுவாகத் தின்பது உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அடிப்பகுதியில் படிந்த உப்பு காய்ந்தது போலத் தெரிந்தாலும் உண்மையில் காய்வதே இல்லை. துரு இரவும் பகலும் நடக்கிறது. உப்புக் கரையிலிருந்து வெளியேறும் அன்றே நன்னீரால் அடிப்பகுதியைக் கழுவுங்கள். அழுத்தம் வேண்டாம், நிறைய நீர் வேண்டும். தோட்டக் குழாயை அடியில் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுவது, உயர் அழுத்தக் கருவியை அருகில் பிடிப்பதைவிட நல்லது. அந்தக் கருவி பேரிங் சீலைத் தாண்டி உப்பை உள்ளே தள்ளிவிடும். கதவுகளின் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளை மணல் அடைத்தால் உள்ளே தேங்கும் நீர் உள்ளிருந்து அரிக்கும். ஒரு மெல்லிய குச்சியால் குத்தி எடுங்கள்.

உப்பு நனைந்த வேனை ஹேண்ட் பிரேக் போட்டு மூன்று நான்கு நாள் நிறுத்தினால் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். பேட்டரியின் பூமி இணைப்பை வாரம் ஒருமுறை பாருங்கள். வண்டி திடீரென்று கிளம்பாமல் போவதும் விளக்குகள் மங்குவதும் பலமுறை அந்த ஒரு போல்ட்டில் தொடங்குகின்றன. அலுமினிய உடலில் துருப்பிடிக்காத எஃகுத் திருகு போட்டால் உப்புநீரில் அலுமினியம்தான் கரையும். நடுவே நைலான் வாஷர் வேண்டும். அடிப்பகுதிக்கு லனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) தெளிப்பு நல்ல காப்பு, பிரேக் டிஸ்க்கில் மட்டும் படக் கூடாது. பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவின் தண்டவாளத்தில் கிரீஸ் தடவாதீர்கள். கிரீஸும் மணலும் கலந்தால் உப்புத்தாள் பசைதான். தூரிகையால் மணலைத் தட்டி, காய்ந்த வகை மசகு மட்டும் போடுங்கள்.

இனி உயிரினங்கள். வண்டி ஓட்ட வற்றம் நல்லது, பறவை பார்க்க ஏற்றம் நல்லது. வற்றத்தில் உள்ளான்களும் மூக்கன்களும் கிலோமீட்டர் கணக்கான சேற்றுவெளியில் சிதறி இரை தேடும், தொலைநோக்கியிலும் புள்ளிகள்தான். தண்ணீர் ஏற ஏற அவை கரைநோக்கித் தள்ளப்பட்டு, ஏற்றத்தின் உச்சியில் மேடான ஓரிடத்தில் கூட்டமாக நின்று இளைப்பாறும். உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே வேனை நிறுத்தி இன்ஜினை அணைத்துக் காத்திருந்தால் அவை தாமாக நெருங்கி வரும். பறவைக்கு மனித உருவம்தான் அச்சம், நிற்கும் வண்டி அல்ல. இறங்காதீர்கள், பக்கக் கதவை இழுக்காதீர்கள். அந்த ஓசைக்கே முழுக் கூட்டமும் எழும். ஜன்னல் விளிம்பில் பயறோ மணலோ நிரப்பிய பையை வைத்து அதன் மேல் தொலைநோக்கியை ஊன்றுங்கள். ஆடும் வேனில் பத்து மடங்கு பெரிதாக்கும் 10x42-ஐவிட எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 வசதி, நடுக்கம் குறைவாகத் தெரியும்.

அந்தக் கூட்டத்தை எழுப்பாமல் இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பட்டைவால் மூக்கன் சான்று. 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய இளம் பறவை ஒன்று எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவை அடைந்தது. உடலில் சேர்த்துவைத்த கொழுப்புதான் அதற்கு எரிபொருள். ஓய்வு நேரத்தில் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து செலவாகிறது.

உப்புக்கொத்தி, ஆலா, சிப்பிபிடிப்பான் போன்றவை ஒதுங்கிய பாசிக்கோட்டுக்குச் சற்று மேலே, வெறும் மணலில் சிறு குழி செய்து முட்டையிடும். முட்டை கூழாங்கல் நிறம். நின்று பார்த்தாலே தெரியாது, ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரிய வாய்ப்பே இல்லை. ஆகவே சக்கரம் எப்போதும் பாசிக்கோட்டுக்குக் கீழே ஈர மணலில் ஓடட்டும். ஒரு பறவை இறக்கை ஒடிந்தது போல இழுத்துக்கொண்டு ஓடினாலோ, தலைக்கு மேலே கத்திக்கொண்டு வட்டமிட்டாலோ கூடு காலடியில் இருக்கிறதென்று பொருள். வந்த வழியே திரும்புங்கள். வெயிலில் தாய்ப்பறவை எழுந்துபோன முட்டை சில நிமிடங்களிலேயே சூடேறிக் கெடும்.

கடலாமை முட்டையிடும் பருவத்தில் கரைப்பக்கத்து வெளிச்சத்தையெல்லாம் அணையுங்கள், திரையை இழுத்துவிடுங்கள். குஞ்சுகள் இரவில் வெளிவந்து வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். இயல்பாக அது கடல். வேனின் பந்தல் விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் உள்நாட்டுப் பக்கம் ஓடி விடிவதற்குள் மடியும். வெள்ளை விளக்குக்குப் பதிலாக ஆம்பர் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) அல்லது சிவப்பு விளக்கால் தீங்கு குறைவு, ஆனால் இருட்டே சிறந்தது. சக்கரத்தடமும் அவற்றுக்குப் பள்ளத்தாக்குதான். உள்ளே விழுந்த குஞ்சு ஏற முடியாமல் தடத்தோடே ஓடிக் களைக்கும், நண்டுக்கும் பறவைக்கும் இரையாகும்.

சீல் எனப்படும் கடல்நாய்கள் கரையில் கிடந்தால் குறைந்தது 100 மீட்டர் விலகி நில்லுங்கள். எல்லாம் தலை தூக்கிப் பார்க்கின்றன என்றால் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். விலங்குக்கும் தண்ணீருக்கும் நடுவே போகாதீர்கள். தனியாகக் கிடக்கும் குட்டி அநாதை அல்ல. தாய் இரை தேடப் போயிருக்கலாம். அதைக் கடலில் தள்ளிவிடுவது உதவி அல்ல. செத்த பறவையையும் கடல்நாயையும் தொடவே வேண்டாம். 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் அந்தப் பருவத்தில் பிறந்த யானைக் கடல்நாய்க் குட்டிகளில் பெரும்பாலானவை பறவைக் காய்ச்சல் வைரஸால் இறந்தன.

உவர்நீர் முதலை வாழும் கழிமுகங்களில் நீரோரத்திலிருந்து 50 மீட்டராவது தள்ளித் தங்குங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தண்ணீர் மொள்ளப் போகாதீர்கள். அது கவனித்து வைத்துக்கொள்ளும். கரடி உலவும் கரைகளில் உணவு மட்டுமல்ல, பற்பசையும் சோப்பும் குப்பைப் பையும் வேனுக்குள் பூட்டப்பட்டிருக்க வேண்டும். எந்த விலங்குக்கும் உணவு போடாதீர்கள். மனிதனிடம் உணவு கிடைக்கும் என்று கற்ற டிங்கோவும் (ஆஸ்திரேலியக் காட்டுநாய்) கரடியும் துணிச்சல் கூடி, கடைசியில் சுட்டுக் கொல்லப்படுகின்றன.

கைபேசி சமிக்ஞை இல்லாத கரைக்குப் போகும்போது செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனைப் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். அதை இயக்க, எரிவாயுவை அடைக்க, பேட்டரி சுவிட்சை அணைக்க, வேனை ஓட்ட இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலை, அவர் காய்ச்சலில் படுத்த அன்றே யாருக்கும் தெரியாத வேலையாகிவிடும்.

கிளம்பும் நாளில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே: கூரைத் திறப்பு, எரிவாயு வால்வு, ஃபிரிட்ஜ் கதவுக் கொக்கி, இழுப்பறைகள் ஒருவருக்கு, படிக்கட்டு, சக்கரக்கட்டை, கழிவுநீர்க் குழாய், பந்தல் மற்றவருக்கு. பிறகு இடம் மாறி மற்றவர் பார்த்ததை ஒருமுறை பாருங்கள். வேன் கெட்டித்தரைக்கு ஏறியதும் ஒருவர் மண்வெட்டியோடு திரும்பிப் போய், ஆமைக்கரையில் விட்டுவந்த சக்கரத்தடங்களைப் பாசிக்கோடு வரை நிரவிவிட வேண்டும். அதற்குக் கீழே உள்ளதை அடுத்த ஏற்றம் நிரவிவிடும்.